சுண்ணாம்புக்குள் போன முகம்

இலங்கையில் தெமோதரைப் பக்கம் நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டத்தில் வாயால் பிழைத்தவன் நான் ஒருவன்தான். காலைப் பெரட்டில் ஆள் எண்ணும்போதே கங்காணியைச் சிரிக்க வைத்துவிட்டால் அன்றைக்கு லேசான வேலை கிடைக்கும். மலை ஏறினால் மூச்சு வாங்கும் என் உடம்புக்கு அது ஒன்றுதான் வைத்தியம்.

என் மனைவி சிரிக்கவும் மாட்டாள், அழவும் மாட்டாள். வரைவாள். எங்கள் முதல் பிள்ளை காய்ச்சலில் போனபோது, அடுப்புக்கரியும் செங்கல் துண்டும் எடுத்து வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் அறையின் உள்சுவரில் தன்னையே வரைந்தாள். தலையில் கயிறு, முதுகில் கொழுந்துக் கூடை, எல்லாம் அச்சாக இருந்தன. வாய் மட்டும் இல்லை.

“வாய எங்க புள்ள?”

“இருந்து என்னத்தச் சொல்லப் போகுது?”

“அப்ப என்னைய ஒரு தடவ வரையேன்.”

“உங்களுக்கு வாய மட்டும் வரஞ்சாப் போதும்.”

இரண்டாவது பெண் குழந்தை. பதினோரு நாள்தான் இருந்தது; பேர்கூட வைக்கவில்லை. புதைத்துவிட்டு வந்த அன்றே பக்கத்தில் மறுபடி தன்னை வரைந்தாள், கையில் குழந்தையோடு.

லயத்துக்கு வருஷா வருஷம் வெளியே மட்டும் சுண்ணாம்பு அடிப்பார்கள். அந்த வருஷம் காய்ச்சல் பரவியதால் டாக்டர் வருகிறார், உள்ளேயும் அடி என்று துரை உத்தரவு. லேசான வேலையாயிற்றே, நானே கையைத் தூக்கினேன். மலைக்குப் போகுமுன் அவள் சொன்னாள்: “அந்தச் செவுர மட்டும் விட்ருங்க. கங்காணிகிட்ட நீங்க சொன்னா கேப்பாரு.” அதற்கு முன் அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

எங்கள் அறை முறை வந்தபோது கங்காணியே வாசலில் வந்து நின்றார். “யார்ரா இது, செவுத்துல ரெண்டு பொம்பள?”

கெஞ்ச வேண்டிய இடம். என் நாக்கு பழகின பக்கமே போயிற்று. “என் மாமியாருங்க. நாட்டுல ஒண்ணுதான், கடல் தாண்டுனதும் ரெண்டாயிருச்சு!”

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “மாமியாளுக்கு ரெண்டு பூச்சா அடிடா!”

நானும் சிரித்துக்கொண்டே அடித்தேன். இரண்டு பூச்சு.

மலையிலிருந்து வந்தவள் திட்டவில்லை. சுவர் காய மூன்று நாள் பொறுத்திருந்து கரியை எடுத்தாள். முகம் வந்தது, தோள் வந்தது, மடக்கிய இரண்டு கையும் வந்தன. அதற்கு மேல் கரி நகரவில்லை.

“பாப்பா?” என்றேன்.

“மூக்கு வருது. மத்தது நெனப்புல வர மாட்டேங்குது. உங்களுக்கு ஞாபகம் இருக்கா?”

நோஞ்சான் பிள்ளையைப் பார்க்கப் பயந்து, அந்தப் பதினோரு நாளும் நான் அடுத்த லயத்தில் கதையடித்துக்கொண்டிருந்தேன். அந்த முகத்தை நான் ஊன்றிப் பார்த்தது ஒரே ஒரு தடவை, சுண்ணாம்பு மட்டையை அதன் மேல் வைத்தபோது.