ஏழாம் பாத்தியின் நூற்று அறுபத்து மூன்று கன்றுகள்

தேயிலைக் கன்று வளர்க்கிறவனைச் செத்த கன்றுக்குத்தான் கேள்வி கேட்பார்கள். பிழைத்த கன்று ஏன் பிழைத்தது என்று யாரும் கேட்பதில்லை. பாத்தி காத்தவர்களுக்கு இது தெரியும். இலங்கை மலைநாட்டில், ராகலைப் பக்கத் தோட்டமொன்றில், விதை போட்டுக் கன்று வளர்க்கும் தவறணைக்கு நான் கங்காணியாக இருந்தேன்.

ஏழாம் பாத்தி

கொப்புள நோய் மலைக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மழையும் பனிமூட்டமும் விடாத மாதத்தில் பன்னிரண்டு பாத்திகளிலும் இலைகள் கொப்பளித்து வெளுத்தன. எல்லாவற்றுக்கும் ஒரே தண்ணீர், ஒரே நிழல், ஒரே மருந்து. மற்றப் பாத்திகளில் இருநூறுக்குப் பத்துத் தேறினாலே பெரிது. ஏழாம் பாத்தியில் இருநூறில் நூற்று அறுபத்து மூன்று கன்றுகளில் ஒரு புள்ளிகூட இல்லை. இரண்டு தடவை எண்ணினேன்.

தண்ணீர் ஊற்றும் பெருமாயிதான் காரணம் சொன்னாள். வழக்கமாக எல்லா விதை மரத்துக் காயையும் ஒன்றாகக் கலந்துதான் போடுவோம். அந்த முறை ஒரு பாத்திக்கு விதை குறைந்ததால், ஆற்றோரத்தில் தனியாக நின்ற கிழட்டுத் தேயிலை மரத்தடியில் அவள் பொறுக்கி வந்தாளாம். அப்படியானால் மீதி முப்பத்தேழுக்கு மட்டும் ஏன் நோய் வந்தது என்று கேட்டேன்.

“ஒரு வயித்துல பொறந்ததெல்லாம் ஒண்ணு போலவா இருக்கு? எங்கண்ணன் மழையில நனைஞ்சா ஒண்ணும் ஆகாது, எனக்கு நெஞ்சு கட்டிக்கும். மிச்சத்தத் தொரைகிட்டக் கேளுங்க, கங்காணி.”

இன்னொரு மழை

கேட்கவில்லை. ஒரு மழையை மட்டும் நம்பித் தோட்டத்தை நடத்தும் துரையிடம் பேசலாமா? அது காற்றுப் படாத மூலையாக இருந்திருக்கலாம். இன்னொரு மழை பார்ப்போம் என்று இருந்தேன். அடுத்த மழையிலும் அதே நூற்று அறுபத்து மூன்று. காகிதத்தில் எழுதிக்கொண்டு இரண்டு நாள் ஆபீஸ் வாசல்வரை போனேன். உள்ளே பேச்சுக் குரல் கேட்டதும் திரும்பிவிட்டேன்.

அதற்குள் நடவு வந்துவிட்டது. பன்னிரண்டு பாத்திக் கன்றும் ஒன்றாகக் கலந்து, நாலு மலைகளில் செடி செத்த இடங்களை நிரப்பப் போயின. தாய் மரம் நிற்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மூன்றாம் முறை வாசலில் என்னைக் கண்ட கிளாக்கர் துரையின் அறையைப் பார்த்துச் சொன்னார்:

“தவறணைக் கங்காணி வந்திருக்காருங்க. கன்னுங்ககிட்ட மட்டுந்தான் பேசுவாரு, நீங்கதான் கேக்கணும்.”

குழி

துரை காகிதத்தை இரண்டு தரம் படித்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு, மரத்தைக் காட்டச் சொன்னார். ஆற்றோரத்தில் குழிதான் இருந்தது. மண் இன்னும் காயவில்லை; மரம் போய் ஒரு வாரம்கூட ஆகியிராது. தேயிலை ஸ்டோரில் கொழுந்து உலர்த்தும் அடுப்புக்கு விறகாகக் கிழட்டு மரங்களை வேரோடு எடுக்கச் சொன்னவர் அவர்தான். கோபிக்கவில்லை. என் பக்கம் திரும்பிக் கேட்டார்:

“போன கிழமை ஏன் சொல்ல இல்லே, கங்காணி?”

பாக்கி

எந்தக் கன்று எந்த மலைக்குப் போனது என்று நான் குறித்து வைக்கவில்லை. அடுத்த மழையில் புல் வெட்டப் போன பெருமாயி, கொப்பளித்த செடிகளுக்கு நடுவே குனிந்து ஒரு சின்னச் செடியின் இலையைத் திருப்பிப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. என்னைக் கூப்பிட்டாள்.

“இந்தா ஒண்ணு நிக்கிது, கங்காணி. பாக்கி நூத்தி அறுவத்திரெண்டு.”

வேலையை விடும்வரை தேடி இருபத்தாறுதான் கண்டேன். இருநூறு கன்றையும் இரண்டு தடவை எண்ணிய நான், தயங்கிய நாட்களை மட்டும் எண்ணாமல் விட்டிருக்கிறேன்.