கோபத்தோடும் வரச் சொன்னவர்

ரெஜினா அக்காவின் மரணச் செய்தி கரவெட்டிக்கு வந்தபோது நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தால் வந்து சைக்கிளை மதிலில் சாத்திக்கொண்டிருந்தேன். "ரெஜினாக்கா மோசம் போட்டாவாம். நெஞ்சுவலி," என்றார் என் கணவர். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். ஏன் அப்படிப் பார்த்தார் என்பது அக்காவை நினைக்கக் கூடியிருக்கும் உங்களில், அவரை அறிந்த பலருக்கு விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சொல்ல எனக்கு ஆசையாகவும் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் என்னோடு ஒரே வீட்டில் வாழ்வது இலேசான காரியமல்ல. காலையில் உயிரென்று கொண்டாடியவரை மாலையில் முகத்தில் விழிக்கவேண்டாம் என்று விரட்டுவேன். கணவர் மண்ணெண்ணெய் வரிசையில் நின்று தாமதித்தால், என்னைக் கைவிட்டுவிட்டார் என்று முடிவுகட்டி என்னையே காயப்படுத்திக்கொள்வேன். பிறகு ஒரே வெறுமை. அம்மா கோயில் கோயிலாக நூல் கட்டுவித்தார். சிலர் பேய் என்றார்கள், சிலர் கொழுப்பு என்றார்கள். கடைசியில் யாழ்ப்பாணத்தில் ஒரு மனநல வைத்தியர்தான் 'எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு' என்று அதற்கொரு பெயர் சொன்னார். கொழும்புத்துறையில் உளவளத்துணை செய்துவந்த ரெஜினா அக்காவிடம் அவரே அனுப்பினார்.

அக்கா குருநகரில் கடற்றொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். உரத்த குரல், அதைவிட உரத்த சிரிப்பு. போன உடனேயே, "எனக்கு விசரோ அக்கா?" என்று கேட்டேன்.

"இல்லைப் பிள்ளை. ஒரு சொல்லுப் பட்டால் மற்ற ஆக்களுக்குக் கீறல், உமக்கு வெட்டுக்காயம். ஆறவும் நாள் எடுக்கும். ஆனால் சமாளிக்கப் பழகலாம்."

பழகலாம்! அன்று கரவெட்டிக்குத் திரும்பும் வழியில் வல்லை வெளியின் எதிர்காற்றுக்கூட எனக்குத் தெரியவில்லை. பாடிக்கொண்டே சைக்கிள் மிதித்தேன்.

புதன்கிழமைதோறும் போனேன். "கொதி வந்த உடனை ஒண்டும் முடிவெடாதையும். முகத்தைக் கழுவும். வந்தது பயமோ கோவமோ எண்டு பேர் வையும். பிறகு கதையும்," என்பார். ஒரு புதன் குண்டுவீச்சால் அவரால் வர முடியவில்லை. பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அடுத்த கிழமை போய்ச் சத்தம் போட்டேன்: "உங்களுக்கும் நான் அலுத்துப்போனன், என்ன?"

அவர் கோபிக்கவுமில்லை, கெஞ்சவுமில்லை. "நீர் பாத்துக்கொண்டு நிண்டது எனக்கும் கவலைதான். ஆனால் நான் உம்மைக் கைவிட்டது நடந்ததோ, நீர் நினைச்சதோ?"

யோசித்தேன். "நினைச்சது," என்றேன்.

மேசையில் ஓங்கித் தட்டினார். "பாத்தீரோ! இண்டைக்குப் பெரிய வேலை செய்திட்டீர். வாற புதனும் வாரும். கோவம் இருந்தால் கோவத்தோடை வாரும்."

அதன் பிறகும் பலமுறை வழுக்கினேன். ஆனால் ஒரு மாலை, கணவர் பொழுதுபட்டும் வரவில்லை. நெஞ்சு கொதித்தது. கிணற்றடியில் முகத்தைக் கழுவி, "இது பயம்," என்று வாய்விட்டுச் சொன்னேன். அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

"ஏன் சுணங்கினது? நான் பயந்துபோனன்."

"ரியூப் வெடிச்சுப் போச்சு," என்றவர் அசையாமல் நின்றார். "வேறையொண்டும் கேக்கேல்லையோ?"

"இல்லை. சாப்பிட வாங்கோ."

இதைக் கேட்ட அக்கா கதிரையை விட்டுத் துள்ளி எழுந்து என்னைக் கட்டிப்பிடித்துச் சுற்றினார். கலியாணமோ என்று பக்கத்து அறையிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

குருநகரில் அவருடைய சவப்பெட்டிக்கருகில் நின்றபோது, என்னை விட்டுவிட்டுப் போய்விட்டாரே என்ற எண்ணம் வரத்தான் செய்தது. கணவரிடம், "எனக்குக் கவலையாக் கிடக்கு. கொஞ்சம் அழப்போறன், பக்கத்திலை நில்லுங்கோ," என்றேன். நின்றார். அழுது முடித்தேன். அடுத்த நாள் பள்ளிக்கூடம் போனேன்.

ஒருவர் போன பின்னும் அவர் என்மேல் வைத்திருந்த அன்பு பொய்யாகிவிடாது என்று இப்போது என்னால் நம்ப முடிகிறது. ரெஜினா அக்கா எனக்குத் தந்தது அது. அது என்னிடம் இருக்கிறது.