காதோரத்தில் ஒரு கற்றை

என் மனைவி இருபத்தாறு வருடம் முதலாளியாக இருந்தவள். அந்தப் பழக்கம் அவளுடைய தோள்பட்டை வலியைப் போல எந்த மருந்துக்கும் அடங்காது. பழைய கடையில் ஆறு பேர் அவளிடம் சம்பளத்துக்கு வேலை பார்த்தார்கள். அவள் நில் என்றால் நின்றார்கள். யார் முடி வெட்டினாலும் கடைசியில் அவள் வந்துவிடுவாள். கத்தரியை வாங்கி, வாடிக்கையாளரின் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்து, எங்கேயாவது ஒரு வெட்டு வெட்டுவாள். வெட்ட ஒன்றும் இல்லாவிட்டாலும் வெட்டுவாள். அந்தக் கடைசி வெட்டு விழாமல் ஒரு தலையும் அந்த வாசலைத் தாண்டியதில்லை.

அந்தக் கட்டடத்தை இடிக்கப்போவதாகச் சொல்லி காலி செய்யச் சொன்னார்கள். அதே மாதம் மருத்துவரும், நாள் முழுக்கக் கையைத் தூக்கிக்கொண்டு வேலை பார்த்தால் தோள் போய்விடும் என்று சொல்லிவிட்டார்.

"ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டு சொல்றாங்களா?" என்றாள்.

ஒரு வாரம் வீட்டில் இருந்தாள். அந்த ஒரு வாரத்தில் என் சட்டைகளை நிறவாரியாக அடுக்கினாள். பக்கத்து வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் முறையைத் திருத்தினாள். நான் தேநீர் போடும்போது பின்னால் நின்று பெருமூச்சு விட்டாள். முப்பது வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன் நான், இனியாவது நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்திருந்தேன். எட்டாவது நாள் நானே கடைக்கு இடம் பார்க்கக் கிளம்பிவிட்டேன்.

மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவே இடம் கிடைத்தது. நான்கு நாற்காலி, நான்கு கண்ணாடி, பின்னால் தலை அலசும் தொட்டி. இப்போதெல்லாம் கைத்திறமை உள்ளவர்கள் மாதச் சம்பளத்துக்கு வருவதில்லை, நாற்காலியை வாடகைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். கத்தரி அவர்களுடையது, வாடிக்கையாளர்கள் அவர்களுடையவர்கள், வரும் நேரமும் போகும் நேரமும் அவர்கள் இஷ்டம். வாடகை கொடுத்துவிட்டால் அந்த நாற்காலியும் அதைச் சுற்றி நாலடித் தரையும் அவர்கள் ராஜ்ஜியம். கடைக்காரர் தர வேண்டியது இடம், விளக்கு, வெந்நீர், துண்டு. துண்டு துவைப்பது என் பொறுப்பு.

இதெல்லாம் என் மனைவியின் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. திறந்த அன்றே பதினான்கு விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினாள். ஒன்பது மணிக்கு வர வேண்டும், எல்லோரும் ஊதா மேலங்கி போட வேண்டும், இந்த மாதிரி. முதல் நாற்காலியை எடுத்தவர் தாடி மட்டும் திருத்துகிறவர். அவரைத் தாடிக்காரர் என்றே கூப்பிடுவோம், ஆனால் அவருக்குத் தாடி கிடையாது. அவர் பதினான்கையும் நிதானமாகப் படித்தார்.

"நல்லா இருக்குக்கா. இது யாருக்கு?" என்றார். கிண்டலாக இல்லை, உண்மையாகவே கேட்டார்.

இரண்டாவது நாற்காலியில் சுருட்டை. சுருட்டை முடி மட்டும்தான் வெட்டுவாள் என்பதால் அந்தப் பெயர். அவளிடம் வெட்டிக்கொள்ள இரண்டு பேருந்து மாறிக்கூட ஆட்கள் வந்தார்கள். மற்ற இரண்டு நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. அவளுக்கு வரும் கூட்டத்தைப் பார்த்துத்தான் அவற்றை வேறு யாராவது எடுப்பார்கள், அவள் போய்விட்டால் கடையும் போய்விடும். கடை போனால் என் மனைவி முழுநேரமும் வீட்டில் இருப்பாள். என் கவலை உங்களுக்குப் புரிந்திருக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை சுருட்டை ஒரு பள்ளி ஆசிரியைக்கு வெட்டி முடித்துவிட்டு, பின்தலையைக் காட்டும் கண்ணாடியை எடுக்கத் திரும்பினாள். துண்டுகளைக் கொண்டு வைக்கப் போன என் மனைவிக்கு அந்த ஒரு நொடி போதும். தட்டிலிருந்த கத்தரியை எடுத்தாள், காதோரம் ஒரு சுருளை நேராக இழுத்தாள், வெட்டினாள். இழுத்து வெட்டிய சுருள் கையை விட்டதும் சும்மா இருக்குமா? சரசரவென்று மேலேறி, நெற்றிப் பக்கம் தனியாக நின்றது.

"இது மட்டும் ஏன் இப்படி நிக்குது?" என்றார் ஆசிரியை.

அதைச் சரிசெய்யச் சுருட்டைக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. ஆசிரியையை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு நேராக என் மனைவியிடம் வந்தாள்.

"அக்கா, சனிக்கிழமை வரைக்கும் வாடகை குடுத்திருக்கேன். அதுக்கப்புறம் நான் வேற எடம் பாத்துக்கிறேன்."

"ஒரு வெட்டுதானேம்மா?"

"ஒரு வெட்டுதான். ஆனா அது என் நாற்காலி."

என் மனைவியின் முகத்தில் ஈயாடவில்லை. மன்னிப்புக் கேட்கும் வழக்கம் அவளுக்கு இல்லை. முப்பத்தாறு வருடக் கல்யாண வாழ்க்கையில் எனக்கு அது இரண்டு முறை கிடைத்திருக்கிறது, அதில் ஒன்று வாய்தவறி வந்தது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தாள். அவளைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. வியாழக்கிழமை சுருட்டையின் முன்னால் போய் நின்றாள்.

"எனக்கு முடி வெட்டிக்கணும். எப்ப நேரம் இருக்கு?"

தாடிக்காரரின் கை நின்றுவிட்டது. என் மனைவி அதுவரை தன் தலையில் இன்னொருவரைக் கைவைக்க விட்டதே இல்லை. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே நின்று தானே நுனியை வெட்டிக்கொள்வாள்.

"நான் சுருட்டை முடிதான் வெட்டுவேன்," என்றாள் சுருட்டை.

என் மனைவி கொண்டையை அவிழ்த்தாள். இத்தனை வருடம் இறுக்கிக் கட்டிவைத்திருந்த சுருள்கள் அவிழ்ந்து தோளில் விழுந்தன. சுருட்டை ஒரு சுருளை விரலில் சுற்றிப் பார்த்துவிட்டு நோட்டைப் புரட்டினாள்.

"சனிக்கிழமை நாலு மணி. அதான் கடைசி."

"எழுதிக்கோ."

சனிக்கிழமை முந்தைய வாடிக்கையாளருக்கு வெட்டி முடிய இருபது நிமிடம் தாமதமானது. என் மனைவி தன் கடையிலேயே காத்திருப்போர் பெஞ்சில் உட்கார்ந்து கடிகாரத்தை ஏழு முறை பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்ததும் சுருட்டை துணியைப் போர்த்தி, "தலையைக் குனிங்கக்கா," என்றாள். குனிந்தாள். துணிக்குள்ளே அவள் கைகள் மட்டும் போர்வைக்குள் மாட்டிக்கொண்ட பூனைக்குட்டிகள் மாதிரி அலைந்துகொண்டிருந்தன.

முடிந்ததும் நான் வாய்விட்டே சொன்னேன், அவ்வளவு அழகாக இருந்தாள். ஆனால் இடது காதுக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஒரு கற்றை வெட்டுப்படாமல் நாலு விரல் நீளமாகத் தொங்கியது. நான் பார்த்தேன். தாடிக்காரர் பார்த்து இருமினார். கண்ணாடியில் என் மனைவியின் பார்வை அங்கே போய் நின்றது. சீப்புகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த சுருட்டை மட்டும் கவனிக்கவில்லை.

"எப்படிக்கா இருக்கு?"

"நல்லா இருக்கு," என்றாள் என் மனைவி. மற்றவர்களைப் போலவே பணத்தைக் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

"பெட்டிய திங்கக்கிழமை வந்து எடுத்துக்கிறேன்," என்றாள் சுருட்டை.

ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. அன்று என் மனைவி நான்கு முறை கத்தரியோடு கண்ணாடி முன்னால் போய் நின்றாள், நான்கு முறையும் கத்தரியைக் கீழே வைத்தாள். மத்தியானம் வந்த என் தங்கை, "அண்ணி, இங்க ஒண்ணு விட்டுப்போச்சே," என்றாள். தெரியும் என்று மட்டும் பதில் வந்தது.

"நான் வேணா வெட்டி விடவா?" என்றேன்.

"தொட்டீங்கன்னா பாருங்க. அது அவ வேலை."

"அப்ப அவகிட்ட அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா, நான் மறுபடியும் சரிபாத்த மாதிரி ஆயிடும்ங்க."

திங்கட்கிழமை காலை சுருட்டை பெட்டியை எடுக்க வந்தாள். துண்டு மடித்துக்கொண்டிருந்த என் மனைவியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அக்கா, காதுகிட்ட... நான் விட்டுட்டேனா?"

"ஆமா."

"எப்ப பாத்தீங்க?"

"நாற்காலியில உக்காந்திருக்கும்போதே."

"அப்பலேருந்து இப்படியேவா இருந்தீங்க? வீட்ல கத்தரி இல்லையா?"

"பதினோரு கத்தரி இருக்கு," என்றேன் நான். சும்மா இருக்க முடியவில்லை.

"உன் நாற்காலி, உன் வேலை," என்றாள் என் மனைவி, துண்டைப் பார்த்தபடியே. "செவ்வாக்கிழமை நான் செஞ்சது தப்பும்மா."

இது வாய்தவறி வந்ததில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

சுருட்டை பெட்டியைத் திறந்து கத்தரியை எடுத்தாள். "வந்து உக்காருங்க," என்றாள். ஒரே வெட்டு. தரையில் விழுந்ததைக் கூட்டித் தள்ளினாள். பிறகு பெட்டியிலிருந்து முடி உலர்த்தும் கருவியை எடுத்து, பழைய கொக்கியிலேயே மாட்டினாள்.

இப்போது நான்கு நாற்காலிகளும் நிறைந்துவிட்டன. பதினான்கு விதித் தாளின் பின்பக்கத்தில் நான் துண்டுக் கணக்கு எழுதுகிறேன். நாற்காலிகளைக் கடக்கும்போது என் மனைவி இரண்டு கைகளையும் மேலங்கிப் பைக்குள் திணித்துக்கொள்கிறாள். வாரம் முழுக்க அடக்கிவைத்த கை எங்கேயாவது இறங்கத்தானே வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறை முக்காலியை இழுத்துப்போட்டு என்னைக் கூப்பிடுகிறாள். என் தலையில் இருப்பதே கொஞ்சம். அதிலும் காதோரம் எதையோ கண்டுபிடித்து, சாய்த்துப் பார்த்து, ஒரு வெட்டு வெட்டுகிறாள். நானும் தலையைக் குனிந்து கொடுக்கிறேன். இந்த நாற்காலி அவளுடையது.