சொன்னால் போச்சு

டிசம்பர் பிறந்துவிட்டால் ரெனாட்டா டீச்சர் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டுதான் மறைக்கல்வி வகுப்புக்குள் நுழைவார். "யாரும் வாயத் திறக்கக் கூடாது! வைக்கோல் போடுறவங்க போட்டுட்டு வந்து உக்காருங்க!"

வாரநாள்களில் அவர் நகரப் பேருந்து ஓட்டுகிறார். குரலும் அதற்கேற்ற குரல்தான். கோட்டுப் பையில் கொறிக்க எப்போதும் சூரியகாந்தி விதை இருக்கும். பனியுருண்டை எறியும் விளையாட்டில் பிள்ளைகளுக்காக ஒருமுறைகூட விட்டுக்கொடுத்ததில்லை.

பீடத்தருகே குழந்தை இயேசுவுக்கான மரத்தொட்டி காலியாக நிற்கும். யாருக்காவது ஒரு நன்மை செய்த பிள்ளை அதில் ஒரு வைக்கோல் தாள் போடலாம். கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை குழந்தையின் சுரூபத்தை அந்த வைக்கோல்மேல்தான் கிடத்துவார்கள். ரெனாட்டா சேர்த்த விதி ஒன்றே ஒன்று: செய்ததை வெளியே சொன்னால், போட்டதைத் திரும்ப எடுத்துவிட வேண்டும்.

"ஆண்டவர் பார்த்துட்டார்ல? அப்புறம் ஊருக்கு எதுக்குத் தண்டோரா?"

பிள்ளைகள் படும் பாட்டைப் பார்க்க வேண்டும். முயல் வளர்க்கும் வீட்டுப் பெண் ஹனியா இருக்கிறாளே, அவள் வாயில் எந்த ரகசியமும் தங்காது.

"டீச்சர், என் கையுறை ஏன் ஈரமா இருக்குன்னு கேளுங்களேன்."

"கேக்க மாட்டேன், போ."

"பக்கத்து வீட்டுத் தாத்தா வாசல்ல பனியே இல்ல டீச்சர். ஆச்சரியமா இல்ல?"

"போச்சு! ஒண்ணை எடு."

இந்த வருடம் அவள் போட்டதெல்லாம் இப்படியே திரும்பிவிட்டது. மற்றவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கடைசி ஞாயிறன்று தொட்டியின் அடிப்பலகை பளிச்சென்று தெரிந்தது.

பங்குத்தந்தை ஸிக்மண்ட் தலையில் கைவைத்துக்கொண்டார். "குழந்தைய வெறும் பலகையிலயா படுக்க வைக்கிறது, ரெனாட்டா? கோயிலே சிரிக்கும். நான் ஒரு கட்டு வாங்கிப் போட்டுடுறேன்."

"வேணாம் ஃபாதர். அப்புறம் நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இதுங்களுக்குப் பாடம் எடுக்கிறது? நிறையும், பாருங்க."

பெஞ்சிலிருந்த பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அது கேட்டது. ரெனாட்டா உறுதியாகத்தான் சொன்னார். ஆனாலும் அன்று அவர் பையிலிருந்த விதைகள் வழக்கத்தைவிட வேகமாகத் தீர்ந்தன.

கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை தொட்டி நிரம்பி வழிந்தது. கணக்குப்படி பார்த்தால் அத்தனை நன்மை அந்த ஊரில் நடந்திருக்க வழியே இல்லை. போதாததற்கு, வைக்கோலுக்கு நடுவே கறுப்பு மிளகு போல ஏதோ கிடந்தது. பங்குத்தந்தை குனிந்து பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தார்.

"முயல் புழுக்கை! யார் பார்த்த வேலை இது?"

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹனியா கூரையைப் பார்த்தாள். காது மடல் சிவந்திருந்தது. உதடுகளைப் பற்களுக்கிடையே கடித்துப் பிடித்திருந்தாள்.

"சொல்லுங்க, திட்ட மாட்டேன். யாரு?"

அவள் பின்னலில் ஒரு வைக்கோல் தாள் சிக்கிக்கொண்டிருந்தது. பின்னால் நின்ற ரெனாட்டா அதை மெதுவாக உருவி, தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.