அமாவாசை இன்ஸ்பெக்ஷன்

இன்ஸ்பெக்ஷன் வருகிறதென்றால் முதலில் எங்களுக்குத்தான் வகுப்பு நடக்கும். சனிக்கிழமை பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவர்களுடைய பலகைகளில் நாங்கள் முட்டியை மடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். ஹெட்மாஸ்டர் கக்கத்தில் குடையை இடுக்கிக்கொண்டு இன்ஸ்பெக்டராக உள்ளே வருவார். எழுந்து ஒரே குரலில் வணக்கம் சொல்ல வேண்டும். யாராவது பிந்திவிட்டால் வெளியே போய்த் திரும்பவும் வருவார்.

எழுபதுகளில், ஆரணியில், நெசவுக்காரர்கள் தெருவில் இருந்த ஆரம்பப் பள்ளி அது. நான் படவேட்டிலிருந்து வந்து அங்கே வேலையில் சேர்ந்திருந்தேன். வேலை நிரந்தரமாக வேண்டுமானால் இன்ஸ்பெக்டர் என் வகுப்பைப் பார்த்து நல்லபடியாக எழுத வேண்டும். எழுதவில்லை என்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வா, மாப்பிள்ளை தயார் என்று அப்பா சொல்லியிருந்தார். அந்த மாப்பிள்ளைக்கு நான் தயாராக இல்லை.

ஹெட்மாஸ்டர் சேத்துப்பட்டுப் பக்கம், விவசாயக் குடும்பம். எங்கள் பள்ளிக்கு மாற்றலாகி வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. கெட்டவர் இல்லை, பயந்தவர். அவர் பயத்துக்கு நாங்கள் எல்லோரும் ஆட வேண்டியிருந்தது.

"போன மாசம் நடத்துன பாடத்தையே அன்னைக்கும் நடத்துங்க. பசங்க புதுசா கேக்கிற மாதிரி முழிக்கணும். முழிக்கக் கத்துக்குடுங்க" என்றார். என்னை எழுப்பி முழித்துக் காட்டச் சொன்னார். அடக் கடவுளே, முழித்தும் காட்டினேன்.

"எனக்குப் பசங்க முகம் இன்னும் பழகல. அதனால கெட்டிக்காரப் பசங்க மட்டும் நெத்தி நிறைய திருநீறு வெச்சிகினு வரட்டும். இன்ஸ்பெக்டர் எதிர்ல நான் அவங்களைப் பார்த்து எழுப்பறேன்."

"தறிப் பிள்ளைங்க சார்?" என்று கேட்டேன். பட்டுச் சேலைக்குக் கரை நெய்யும்போது, தறி ஓரத்தில் உட்கார்ந்து, குறுக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளிக் கொடுக்க ஒரு பிள்ளை வேண்டும். என் வகுப்பில் பாதிப் பேர் காலையில் அந்த வேலையை முடித்துவிட்டு மத்தியானம்தான் வருவார்கள்.

"அதுங்களா? காலையில அதுங்க வராது. நல்லதாப் போச்சு, காலையிலயே வெச்சிடலாம். அதுங்க வந்தா உங்க வேலைக்குத்தாம்மா வேட்டு."

அதுங்களாமே! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதில் ஒருத்தி, எட்டு வயதுப் பெண், மத்தியானத்தில் கண் சொக்கச் சொக்க உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்து, அந்த மாதம்தான் முழு வரியாகப் படிக்க ஆரம்பித்திருந்தாள்.

எந்தத் தேதி வசதி என்று ஆபீசில் கேட்டிருந்தார்கள். ஹெட்மாஸ்டர் எங்களைக் கேட்டார். நான் சுவர்க் காலண்டரைப் பார்த்து ஒரு தேதியைச் சொன்னேன்.

"அன்னைக்கு அமாவாசையாச்சே" என்றவர் முகம் மலர்ந்தது. "நிறைஞ்ச நாள். பேஷ்!"

அமாவாசையன்று ஆரணியில் கைத்தறி ஓடாது. அது அவருக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்த உள்ளூர் டீச்சருக்குத் தெரியும். என் தொடையில் கிள்ளினார். "இன்னாடி, வேலை வேணாமா உனக்கு?"

"வேணுங்க்கா. இந்தப் பிள்ளைங்களை ஒளிச்சு வெச்சிட்டு வேணாம்."

அமாவாசை வந்தது. காலை மணி அடிக்கும் முன்பே தறிப் பிள்ளைகள் எல்லோரும் வந்துவிட்டார்கள். தலைக்குக் குளித்து, வீட்டில் சாமி கும்பிட்டுவிட்டு, ஒவ்வொரு நெற்றியிலும் பட்டை பட்டையாகத் திருநீறு! இதை நான்கூட நினைத்துப் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டரோடு என் வகுப்புக்குள் நுழைந்த ஹெட்மாஸ்டர் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

முதலில் முன்வரிசைப் பையனை எழுப்பினார். இன்ஸ்பெக்டர் வேறொரு பக்கத்தைப் புரட்டிக் கொடுத்தார். பையன் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே, மனப்பாடம் செய்திருந்த போன மாதப் பாடத்தைக் கடகடவென்று ஒப்பித்தான். ஹெட்மாஸ்டர் பதறிப்போய் இன்னொரு திருநீற்று நெற்றியைக் கை காட்டினார். அது என் தறிப் பெண்.

அவள் விரலை வைத்து, நிறுத்தி நிறுத்திப் படித்தாள். ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டாள். நான் முந்தானையைக் கசக்கிக்கொண்டு நின்றேன். இன்ஸ்பெக்டர் காத்திருந்தார். அவள் அந்தச் சொல்லை விடவில்லை. தானே கூட்டி, தாண்டி, வரியை முடித்தாள்.

"ஏம்மா இவ்ளோ நிதானம்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"காலையில தறில கீறேன் சார். மத்தியானம்தான் வருவேன். இன்னிக்கி அமாவாசை, தறி இல்ல."

"வேற யாரெல்லாம் தறியில?"

பாதி வகுப்பு கை தூக்கியது. ஹெட்மாஸ்டர் கூரையைப் பார்த்தார்.

ரிப்போர்ட் வந்தது. காலை வருகை மோசம், ஆசிரியையை இன்னும் ஒரு வருடம் பார்த்த பிறகே நிரந்தரம். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "மன்னிப்புன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்கம்மா, நான் ஆபீசுல பேசிக்கறேன்" என்றார் ஹெட்மாஸ்டர்.

"எதுக்கு சார் மன்னிப்பு? அந்தப் பொண்ணு படிச்சதுக்கா?"

எழுதிக் கொடுக்கவில்லை. என்னை அழைத்துப் போக வந்த அப்பாவுக்குச் சாப்பாடு போட்டு, படவேட்டு பஸ்ஸில் தனியாகத் திருப்பி அனுப்பினேன். மறுவருடம் இன்னொரு இன்ஸ்பெக்டர் வந்து, அதே பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, என்னை நிரந்தரமாக்கினார்.

எண்பதுகளில் அதே பள்ளிக்கு நானே ஹெட்மிஸ்ட்ரஸ் ஆனேன். முதல் இன்ஸ்பெக்ஷனுக்கு முன், சனிக்கிழமை, டீச்சர்கள் பழக்கப்படி பலகையில் போய் உட்கார்ந்தார்கள். "எழுந்திருங்க, யாரும் நடிக்க வேணாம். ஜல்தியா வீட்டுக்குப் போங்க" என்றேன். ஒரு சின்ன டீச்சர் மட்டும் தயங்கி நின்றாள்.

"ஆபீசுல தேதி கேட்டுகினே இருக்காங்க மேடம். என்ன எழுதட்டும்?"

"அமாவாசைன்னு எழுதும்மா. காலையிலயே வரச் சொல்லு."