எனக்கு இல்லாத நிறுவனம்

கட்டுரை ஒன்றின் பாதியில் மடிக்கணினி தானாகவே அணைந்து தன்னைப் புதுப்பித்துக்கொள்ளத் தொடங்கியது. அந்த வாரத்தில் அது முதல் முறையல்ல. மறுபடி உயிர் வந்ததும், இதைத் தடுக்க வழி இருக்கிறதா என்று செட்டிங்ஸுக்குள் போய்த் தேடினேன். நிறுத்தும் பொத்தான் மங்கிக் கிடந்தது, அழுத்த முடியவில்லை. அதற்கு மேலே ஒரு வரி: சில அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது.

எனக்கு நிறுவனம் கிடையாது. நாளிதழ் வேலையை விட்டபிறகு கும்மிடிப்பூண்டியில் வீட்டிலிருந்தே எழுதுகிறேன். மடிக்கணினி, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கணினிக் கடையில் வாங்கியது. தொழிற்பேட்டையில் கழித்துக் கட்டுகிறவை மொத்தமாக அந்தக் கடைக்கு வரும். கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்த இடத்தில் பசை கறுத்திருந்தது.

அந்தக் கணினிக்குள் ஒரு பெண்ணின் குரல் இருந்தது. ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வந்துபோகும் ஒப்பந்தத் தொழிலாளி அவர். உற்பத்தி குறைகிறது என்று, தகட்டை அழுத்தும் பிரஸ் மெஷினின் பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொல்கிறார்கள் என்று என்னிடம் சொல்லியிருந்தார். கேட்டிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்வதால் படம் எடுக்க வழியில்லை. வெளியே வந்து சொன்னதைப் பதிவு செய்திருந்தேன். அவருடைய சூப்பர்வைசர் கேட்டால் யார் குரல் என்று உடனே தெரிந்துவிடும். வேலை போய்விடும். இந்தக் கணினி அதே தொழிற்சாலையிலிருந்து வந்ததாகக்கூட இருக்கலாம்.

கடைக்காரரிடம் எடுத்துப்போய்க் காட்டினேன்.

"கம்பெனி மால் சார். அப்படித்தான் காட்டும். கண்டுக்காதீங்க."

"எந்தக் கம்பெனி?"

"லாட்டுல வர்றது சார். மூட்டையில நெல்லு கீது, எந்த வயலு நெல்லுன்னு கேட்டா நான் இன்னா சொல்றது?"

"அழிச்சுட்டுத்தானே வித்தீங்க?"

"ரெண்டு வாட்டி அழிச்சோம். நெட்டு குடுத்ததும் திரும்பி வந்து குந்திக்குது. பேஜாரு புடிச்சது. கேமரா மேல ஒரு பொட்டு ஒட்டிக்கோங்க சார், மேட்டர் முடிஞ்சிது."

ஒட்டுவதற்கு ஒரு பொட்டையும் கொடுத்தார்.

அழித்தும் திரும்பி வருகிறதென்றால், எங்கோ ஒரு பட்டியலில் இந்த இயந்திரம் இன்னும் பழைய கம்பெனியுடையதாகவே இருக்கிறது. அந்தப் பக்கம் இருப்பவர் என் கோப்புகளைப் பார்த்தாரா, பார்க்க முடியுமா என்று தெரிந்துகொள்ள என்னிடம் எந்த வழியும் இல்லை. குரல் பதிவை ஒரு பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, இருந்த சிஸ்டத்தை அடியோடு நீக்கிவிட்டு லினக்ஸ் என்ற வேறு சிஸ்டத்தைப் போடச் சொன்னேன்.

"அத்த போட்டா நாளைக்கு எவனும் வாங்க மாட்டான் சார்," என்று கடைக்காரர் எச்சரித்தார்.

புது சிஸ்டம் பணம் கேட்கவில்லை. கணக்குத் தொடங்கச் சொல்லவில்லை. ஒன்றும் கேட்காதவர்களைக் கண்டால் செய்தியாளனுக்குச் சந்தேகம் கூடத்தான் செய்யும். ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்தேன். நிறுவனம் என்ற சொல் எங்கும் இல்லை. தமிழ் விசைப்பலகை மக்கர் செய்தது. பிரிண்டரை அது கண்டுகொள்ளவே இல்லை. எழுதும்போது அணையாமல் இருந்தது, அது போதும்.

ஆனால் அதற்கு முன்பே அவர்கள் கைக்குப் போனது என்ன என்ற கேள்வி அப்படியே இருந்தது. காலை ஷிப்டுக்கு வருகிறவர்கள் இறங்கும் நேரத்தில் ரயில் நிலையத்துக்குப் போய் அந்தப் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னேன்.

"இன்னாண்ணா சொல்றீங்க? அப்போ அவனுங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியலை. நீங்க வேண்டாம்னா எழுதலை."

அவர் டிபன் பையைக் கை மாற்றிக்கொண்டார். "அவனுக்குத் தெரிஞ்சிருந்தா, நீங்க எழுதலன்னா மட்டும் என்னை வுட்டுடுவானா? எழுதுங்க. என் பேரு வேணாம். மெஷின் நம்பரும் போட்டுடாதீங்க, என்னோட சேந்து ரெண்டு பேருதான் அதுல நிக்கிறோம்."

எழுதினேன். ஒரு வார இதழில் வந்தது. தொழிற்சாலையிலிருந்து மறுப்பு வரவில்லை. விசாரித்து யாரும் போன்கூடச் செய்யவில்லை. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

இங்கே ஒப்பந்தத் தொழிலாளியிடம் உனக்கு வேலை இல்லை என்று யாரும் சொல்வதில்லை. ஒருநாள் காலையில் கேட்டில் இருக்கும் கைரேகை மெஷின் விரலை ஏற்காது. செக்யூரிட்டி ஓரமாக நிற்கச் சொல்வார். அவ்வளவுதான். அதனால் மாலை ரயிலுக்கு அவர் வரும்போது என் கேள்வி ஒன்றுதான்: இன்னிக்கு விரலை எடுத்துச்சா? "எடுத்துக்கிச்சுண்ணா," என்பார், சிரித்துக்கொண்டே.

நேற்று சிரிக்கவில்லை. "காத்தால மொதல்ல எடுக்கலண்ணா. துப்பட்டாவுல தொடச்சிக்கினு வச்சேன், அப்பறம் எடுத்துச்சு. கையில மெஷின் எண்ணெ, அதான்."

"எண்ணெயாத்தான் இருக்கும்," என்றேன்.

ரயில் வந்தது, அவர் ஏறிக்கொண்டார். பிரஸ் மெஷினைத் தொடுவதற்கு முன்பே, காலையில் உள்ளே நுழைகிற கையில் ஏது மெஷின் எண்ணெய் என்று நான் கேட்கவில்லை.