விசாலம் கண்டுபிடித்த வடாபாவ்

எனக்கு விசாலத்தைப் பிடிக்கும். அதனால்தான் இதை எழுதும்போது கோபம் கூடுதலாக வருகிறது.

புனேயில், போபோடியில் எங்களுக்கு அடுத்த வீடு. திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி வந்து இருபது வருஷம் ஆகிறது. கட்கியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கணவர் சந்தானம் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. வீட்டில் வாயே திறக்காத மனிதர். ஒரே பெண் தீபா. பதினான்கு வயதில் பத்து வயதுக்காரி மாதிரி இருந்தாள். ஓயாத வயிற்றுப்போக்கு, எந்நேரமும் சோகை. வாய் வழியாகக் குழாய் விட்டு, குடலில் துளி சதை எடுத்துப் பார்த்து, சீலியாக் என்றார் டாக்டர். கோதுமை, மைதா, ரவை, பார்லி எதுவும் ஆயுசுக்கும் கூடாது. துளி போனாலும் குடல் புண்ணாகும். சுத்தமாக நிறுத்தினால் பெண் தேறி வளர்ந்துவிடுவாள்.

விசாலம் அசரவில்லை. நாம் அரிசிச் சோறு சாப்பிடுகிறவர்கள், நமக்கென்ன கஷ்டம் என்றாள். அன்றைக்கே கோதுமை மாவை டப்பாவோடு என்னிடம் தந்தாள். சப்பாத்திக் கட்டையைத் தூக்கிப் போட்டாள். பிறகு மூன்று வேளையும் இட்லி, சாதம், சாம்பார், ரசம்தான். அந்த வைராக்கியத்தைப் பார்த்து நானே அசந்துபோனேன்.

ஆறு மாதம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தால், கோதுமை உள்ளே போவதைக் காட்டும் எண் இறங்கவே இல்லை. வெளியே ஏதாவது சாப்பிடுகிறாளா என்று டாக்டர் சாதாரணமாகத்தான் கேட்டார். விசாலத்துக்கு அது போதும். தன் சமையலில் குறை இருக்க முடியாது. ஆகவே பெண் திருட்டுத்தனமாகத் தின்கிறாள்.

பையைக் கொட்டிப் பார்த்தாள். பள்ளி விட்டு வந்ததும் வாயை ஊதச் சொல்லி முகர்ந்தாள். தோழிகள் வீட்டுக்குப் போய் விசாரித்தாள். அதோடு அந்தப் பெண்கள் தீபாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கரண்டிக் காம்பால் அடித்தாள். சுவர் வழியே எல்லாம் கேட்டது. எங்கே தின்றாய் என்று அந்த ஒரே கேள்வி. அரைமணி கழித்து, ஸ்டேஷன் பக்கம் வடாபாவ் தின்றேன் என்றாள் தீபா. பாவ் என்றால் மைதா பன். நான் போய்க் கதவைத் தட்டவில்லை. பிள்ளை உண்மையைச் சொல்லிவிட்டதே என்றுதான் நினைத்தேன்.

விசாலம் அதை டாக்டரிடம் சொன்னாள். அவரும் எழுதிக்கொண்டார். அதற்கப்புறம் வேறு காரணத்தை யாரும் தேடவில்லை. ஏழு மாதம் போனது. தீபாவின் எடை மேலும் மூன்று கிலோ குறைந்தது. அவள் வயிற்றைப் பிடித்துச் சுருண்டு படுக்கும்போதெல்லாம் விசாலம் திட்டிக்கொண்டே ரசம் வைப்பாள். வயிற்றுக்கு நல்லதென்று பெருங்காயம் ஒரு சிட்டிகை கூடப் போடுவாள். வேண்டாம் என்றால் மூக்கைப் பிடித்து ஊற்றுவாள்.

கடைசியில் டாக்டர், கேம்ப்பில் ப்ரீதி என்ற உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். அடுப்படியில் இருக்கும் அத்தனை பாக்கெட்டையும் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். சந்தானத்துக்கு ஷிப்ட், நான் துணைக்குப் போனேன். ப்ரீதி ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தாள். பெருங்காய டப்பா வந்ததும் நின்றாள். பொடி எழுத்தில் கோதுமை மாவு என்று போட்டிருந்தது. கடையில் கிடைக்கும் பலவற்றில் இப்படி மாவு கலந்துதான் வரும் என்றாள். சாம்பாரில், ரசத்தில், மோரில் என்று பதின்மூன்று மாதம் தினமும் அது அந்தப் பெண்ணின் வயிற்றுக்குள் போயிருக்கிறது.

வடாபாவ் எத்தனை முறை சாப்பிட்டாய் என்று ப்ரீதி இந்தியில் கேட்டாள். ஒருமுறைகூட இல்லை என்றாள் தீபா. அம்மாவைப் பார்த்துத் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்.

"ஆமான்னு சொன்னப்போதான் நீ அடிக்கறதை ஸ்டாப் பண்ணினே."

விசாலம் இப்போதாவது அழுவாள், பெண்ணைக் கட்டிக்கொள்வாள் என்று காத்திருந்தேன். அவள் டப்பாவை வாங்கித் தானும் ஒருமுறை படித்தாள். பிறகு தீபா பக்கம் திரும்பினாள்.

"பின்ன எதுக்குட்டி பொய் சொன்னே? அன்னைக்கே உண்மையச் சொல்லியிருந்தா நான் வேற எங்கயாவது தேடிருப்பேன்லா?"

தீபா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஸாரிம்மா" என்றாள்.